வயதை முந்தும் ரத்தக்குழாய்கள்

அமெரிக்காவில் 2003க்கும் 2007க்கும் இடையில் 45 வயது நிறைந்த 30,239 பேரை ஓர் ஆய்வில் சேர்த்தார்கள். ரிகார்ட்ஸ் என்பது அதன் பெயர். சேர்ந்தவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் கறுப்பினத்தவர், மற்றவர்கள் வெள்ளையர். யாருக்கு எந்த வயதில் பக்கவாதம் வருகிறது என்று ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து பார்த்தார்கள். 45 வயதில் கறுப்பினத்தவருக்கு இருந்த ஆபத்து, அதே வயது வெள்ளையரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. வயது கூடக் கூட அந்த இடைவெளி சுருங்கியது. 85 வயதில் இடைவெளியே இல்லை.

இந்தக் கணக்கு என்னை நெடுநாள் விடவில்லை. ஒருவர் பிறந்த இனம் 45லும் 85லும் ஒன்றுதான். இனம்தான் நோயின் காரணம் என்றால் நாற்பது ஆண்டில் அது எங்கே கரைந்து போனது? மலேசியாவில் வாழ்கிறவர்களுக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வியாக இருக்க முடியாது. இங்கே எந்தப் பாரத்தை நிரப்பினாலும் ‘பங்சா’ என்றொரு கட்டம் உண்டு. மலாய்க்காரர், சீனர், இந்தியர், மற்றவர் என்று நான்கில் ஒன்றைக் குறிக்க வேண்டும். மருத்துவமனைப் பதிவேட்டிலும் அந்தக் கட்டம் உண்டு. அது நம் ரத்தக்குழாய்களைப் பற்றி என்ன சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறேன்.

முதலில் நோயைச் சொல்லிவிடுகிறேன். மூளை உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கு. ஆனால் நாம் இழுக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. சேமித்து வைத்துச் செலவழிக்கும் வழி அதற்கு இல்லை. நொடிக்கு நொடி ரத்தம் வந்தாக வேண்டும். மூளைக்குப் போகும் குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ அந்தக் குழாயை நம்பியிருந்த பகுதி சாகத் தொடங்குகிறது. பெரிய குழாய் ஒன்று அடைபட்டால் நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006இல் ஜெஃப்ரி சேவர் கணக்கிட்டார். கை விழுவது, வாய் கோணுவது, பேச்சு குழறுவது எல்லாம் அந்த அழிவின் வெளித்தோற்றம்.

இது தாத்தா பாட்டிகளின் நோய் என்றுதான் நம் வீடுகளில் இன்னும் நினைக்கிறோம். அந்த எண்ணம் காலாவதியாகி வெகு நாளாகிறது. அமெரிக்காவின் சின்சினாட்டி வட்டாரத்தில் 1993–94இல் பக்கவாதம் கண்டவர்களில் 55 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் 12.9 விழுக்காடு. 2005இல் அது 18.6 விழுக்காடு. 20 முதல் 54 வயதுக்குள் இருந்த வெள்ளையரில் லட்சத்துக்கு 26 ஆக இருந்தது 48 ஆனது; கறுப்பினத்தவரில் 83 ஆக இருந்தது 128 ஆனது. இரு சாராரிடமும் ஏறியது. கறுப்பினத்தவர் ஏற்கெனவே உயரத்தில் இருந்து ஏறினார்கள். லண்டன் மாநகரின் தென்பகுதியில் 1995 முதல் வைக்கப்பட்டுவரும் பக்கவாதப் பதிவேடும், கறுப்பினத்தவருக்கு வெள்ளையரைவிட ஏறக்குறைய பத்து ஆண்டு முன்னதாகவே நோய் வருவதைக் காட்டுகிறது. மலேசியாவிலும் முதியவர்களிடம் மட்டும் நின்றிருந்த அலை கீழே இறங்கி வருகிறது. தேசியத் தரவுகளை ஒன்றிணைத்துப் பார்த்த ஆய்வில் 65 வயதுக்குக் குறைந்தவர்களிடம் பக்கவாதம் கூடிவருவது தெரிந்தது. அதிலும் முப்பதுகளின் பிற்பகுதியில் இருப்பவர்களிடம்தான் ஏற்றம் செங்குத்தாக இருந்தது. அந்த வயதில் ஒருவருக்குப் பள்ளி செல்லும் பிள்ளைகள் இருப்பார்கள், வீட்டுக்கடன் இருபது வருடம் பாக்கி இருக்கும்.

கிள்ளான் பள்ளத்தாக்கைப் போல மூன்று இனமும் இவ்வளவு நெருங்கி வாழும் இடம் உலகில் குறைவு. சுபாங் ஜெயாவில் ஒரே மாமாக் கடையில் மூன்று மேசைகளில் மூன்று மொழி கேட்கும். மூன்று மேசையிலும் தே தாரேக் இருக்கும். பிரிக்ஃபீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் சீனர்கள் கையால் பிசைந்து சாப்பிடுகிறார்கள், நாம் நாசி லெமாக் இல்லாமல் காலையைத் தொடங்குவதில்லை. காற்றும் சாலையும் கடையும் பொது. அப்படியிருந்தும் 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார, நோய்ப் பரவல் ஆய்வு காட்டிய எண்கள் இவை: பெரியவர்களில் நீரிழிவு உள்ளவர்கள் நாடு முழுவதும் 18.3 விழுக்காடு. இனவாரியாகப் பார்த்தால் சீனரில் 15.1, மலாய்க்காரரில் 22, இந்தியரில் 31.4. நம்மில் மூன்றில் ஒருவருக்குச் சற்றுக் குறைவு. நீரிழிவு இருப்பவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு, ஆய்வுக்காரர்கள் விரலில் ஊசி குத்திச் சொல்லும்வரை அது தெரியாது.

இனிப்பு நீர் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் அந்த நோய்க்கும் மூளைக்கும் உள்ள தொடர்பை நம்மவர்கள் போதிய அளவு உணர்வதாக எனக்குத் தோன்றவில்லை. காலில் புண் ஆறாது, கண் மங்கும், சிறுநீரகம் கெடும் என்பது வரைக்கும் எல்லோருக்கும் தெரிகிறது. மூளையின் ஆழத்தில் நடப்பது தெரிவதில்லை.

அங்கே நடப்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். மூளையின் அடிப்பகுதியில் ஓடும் பெரிய தமனிகளிலிருந்து மிக நுண்ணிய கிளைகள் செங்குத்தாகப் பிரிந்து மூளையின் உள்ளே போகின்றன. மயிரிழையின் தடிமனைப் போல ஒன்று முதல் நான்கு மடங்குதான் அவற்றின் குறுக்களவு. வழக்கமாக ஒரு தமனி கிளைவிட்டுக் கிளைவிட்டுப் படிப்படியாகச் சிறுக்கும். அழுத்தமும் படிப்படியாகக் குறையும். இந்தக் கிளைகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. தெருவுக்கடியில் ஓடும் பெரிய தண்ணீர்க் குழாயிலிருந்து நேராக ஒரு மெல்லிய ரப்பர் குழாயைப் பொருத்தியதைப் போல, முழு அழுத்தமும் அந்த மெல்லிய சுவரில் மோதும். வேறெங்கிருந்தும் துணைக்கு ரத்தம் வராது. ஒன்று அடைபட்டால் அது ஊட்டிவந்த சின்னஞ்சிறு பகுதி செத்துக் குழியாகும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மில்லர் ஃபிஷர் என்ற நரம்பியல் மருத்துவர், இறந்தவர்களின் மூளையை இழை இழையாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்து 1960களில் இதை நிறுவினார். குழி சிறியதுதான்; ஆனால் கைகால்களுக்குப் போகும் நரம்பிழைகள் எல்லாம் அந்த இடத்தில்தான் நெருக்கியடித்துக்கொண்டு கீழிறங்குகின்றன. ஆகவே பட்டாணி அளவுக் குழி ஒரு பக்கத்து உடலையே சாய்த்துவிடும்.

ரத்தக் கொதிப்பு அந்தச் சுவர்களைத் தடிக்க வைக்கிறது. ரத்தத்தில் மிகுந்த சர்க்கரை, சுவரின் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு அவற்றை விறைக்கச் செய்கிறது. குழாயைத் தளர்த்தி விரிக்கும் நைட்ரிக் ஆக்சைடு சுரப்பதும் குறைகிறது. ரத்தத் தட்டுகள் சீக்கிரம் ஒட்டிக்கொள்கின்றன. இவையெல்லாம் ஒரே நாளில் நடப்பவை இல்லை. பத்து, பதினைந்து ஆண்டு பிடிக்கும். 50 வயதில் நீரிழிவு தொடங்கினால் கணக்கு 65இல் வந்து நிற்கும். 25இல் தொடங்கினால் 40இல் வந்து நிற்கும். இளவயதில் பிடிக்கும் நீரிழிவு குழாய்களை இன்னும் வேகமாகக் கெடுக்கிறது என்பது இன்று உறுதியாகிவிட்ட செய்தி.

அப்படியென்றால் இந்திய உடலுக்கு நீரிழிவு ஏன் முந்தி வருகிறது? இதற்கு இதுவரை கிடைத்த விடைகளில் என்னை மிகவும் வியக்க வைத்தது புனேயிலிருந்து வந்தது. அங்கே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் அவர் குழுவினரும் கிராமங்களில் பிறந்த குழந்தைகளை எடைபோட்டு, இங்கிலாந்தின் சவுத்தாம்டன் நகரக் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். புனேக் குழந்தையின் சராசரி எடை 2.7 கிலோ, சவுத்தாம்டன் குழந்தைக்கு 3.5 கிலோ. 800 கிராம் குறைவு. எதில் குறைந்தது என்று அளந்தால், தசையிலும் உள்ளுறுப்புகளிலும் வெகுவாகக் குறைந்திருந்தது. தோலுக்கடியில் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. பார்க்க நோஞ்சான், உள்ளே கொழுப்பின் பங்கு கூடுதல். சர்க்கரையை எரித்துத் தீர்ப்பது தசை. தசை குறைந்த உடல் பிறக்கும்போதே ஒரு கடனோடு பிறக்கிறது.

அதே யாஜ்னிக், லண்டன் விஞ்ஞானி ஜான் யுட்கினோடு சேர்ந்து 2004இல் லான்செட் இதழில் ஒரு படம் வெளியிட்டார். இருவரும் அருகருகே நிற்கிறார்கள். உயரத்துக்கேற்ற எடைக்கணக்கில் இருவரும் ஒன்று: 22.3. எந்த அட்டவணைப்படியும் ஆரோக்கியமான எடை. கருவியில் உடற்கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசியர்களுக்கு 25க்குப் பதில் 23இலேயே எச்சரிக்கை தேவை என்று பரிந்துரைத்தது. ‘ஆள் ஒல்லிதான், இவனுக்கு என்ன வரப்போகிறது’ என்று நம் வீடுகளில் சொல்கிறோமே, அந்த வாக்கியம் எத்தனை பேரின் பரிசோதனையைத் தள்ளிப் போட்டிருக்கும் என்று நினைத்தால் மனம் பதறுகிறது.

இது மரபணுவா, வயிற்றுப் பசியா? இரண்டும் இருக்கலாம். தெற்காசியரிடம் லிப்போபுரதம்-ஏ எனும் கொழுப்புத் துகள் சீனரையும் வெள்ளையரையும்விடக் கூடுதல். அது பெரும்பாலும் பிறப்பிலேயே தீர்மானமாவது, உணவை மாற்றினாலும் அசையாதது. மற்றொரு பக்கம் 1992இல் ஹேல்ஸும் பார்க்கரும் முன்வைத்த கருத்து இருக்கிறது: கருவிலேயே பட்டினியை உணர்ந்த குழந்தை, மூளையைக் காக்கத் தசையையும் கணையத்தையும் விட்டுக்கொடுத்து, குறைந்த உணவுக்குத் தன்னைத் தகவமைத்துக்கொள்கிறது. பின்னாளில் உணவு தாராளமாகக் கிடைத்தால் அந்தத் தகவமைப்பே அதற்கு எதிரியாகிறது.

இந்தக் கருத்தைப் படித்துவிட்டு நான் வாழும் ஊரைப் பார்க்கிறேன். சுபாங் ஜெயா 1976இல் எழத் தொடங்கிய நகரம். அதற்கு முன் இது சீஃபீல்டு தோட்டம். இப்போது பேரங்காடிகளும் எல்ஆர்டி நிலையங்களும் நிற்கும் மண்ணில் பால்மரங்கள் நின்றன. சீஃபீல்டு தமிழ்ப்பள்ளியும் மாரியம்மன் கோயிலும் அந்தப் பெயரை இன்னும் சுமக்கின்றன. இருட்டில் எழுந்து பெரட்டுக்குப் போய், மரம் மரமாக ஓடி வெட்டி, வாளி வாளியாகப் பால் சுமந்த உடல்கள் அவை. அந்த உழைப்பு அரைத்தட்டுச் சோற்றையும் டின் பால் ஊற்றிய இனிப்புத் தேநீரையும் மிச்சமில்லாமல் எரித்துவிடும். தாய்மார்களோ ரத்தசோகையோடு கருவுற்று, பிரசவம் நெருங்கும்வரை வெட்டுக்குப் போனவர்கள். பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயங்கள் காலியாயின. பிள்ளைகள் மலிவுவிலை அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிவந்து லோரி ஓட்டினார்கள், தொழிற்சாலையில் ஷிப்ட் பார்த்தார்கள், காவலுக்கு நின்றார்கள். சோறும் தேநீரும் கூடவே வந்தன. மரம் வெட்டும் ஓட்டம் மட்டும் வரவில்லை. இரண்டே தலைமுறையில் பஞ்சத்துக்குத் தயாரான உடல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது. மலிவான சம்சுச் சாராயத்தால் ஏறிய ரத்த அழுத்தத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பாரத்தில் ‘இந்தியர்’ என்று குறிக்கும்போது இவ்வளவும் அந்தச் சின்னக் கட்டத்துக்குள் போய்விடுகிறது: பாட்டியின் ரத்தசோகை, அப்பாவின் இரவு ஷிப்ட், பிறவியிலேயே வந்த கொழுப்புத் துகள். எது எவ்வளவு என்று கட்டம் பிரித்துச் சொல்லாது.

ரிகார்ட்ஸ் ஆய்வுக்காரர்கள் பிரித்துப் பார்க்க முயன்றார்கள். ரத்த அழுத்தம், நீரிழிவு, புகைப்பிடித்தல் போன்ற தெரிந்த காரணங்களை எல்லாம் கணக்கில் ஈடுசெய்தபோது 45 வயது இடைவெளியில் ஏறத்தாழ 40 விழுக்காடுதான் விளங்கியது. மேல் அழுத்தம் 10 புள்ளி கூடினால் வெள்ளையருக்குப் பக்கவாத ஆபத்து 8 விழுக்காடு கூடியது, கறுப்பினத்தவருக்கு 24 விழுக்காடு. ஒரே அளவு ஏற்றம், மூன்று மடங்கு சேதம். கருவி காட்டுவது அன்றைய அழுத்தத்தை. எத்தனை ஆண்டாக அந்த அழுத்தம் கட்டுப்பாடின்றி அடித்துக்கொண்டிருந்தது என்பதை அது காட்டாது. அமெரிக்கப் பொதுச் சுகாதார அறிஞர் அர்லின் ஜெரோனிமஸ் 1992 முதல் சொல்லிவருவதும் இதைத்தான்: ஓயாத வறுமையும் அவமதிப்பும் நிச்சயமற்ற வேலையும் உடலை நாள்பட நாள்பட அரித்து, வயதுக்கு முன்பே முதுமையாக்குகின்றன.

85இல் இடைவெளி மறைவதற்கும் இங்கே ஒரு சாத்தியமான விடை கிடைக்கிறது. எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்கள் 45லும் 55லுமே விழுந்துவிட்டார்கள். 85ஐத் தொட்டவர்கள் உறுதியான குழாய்களோடு எஞ்சியவர்கள். மறுபுறம், வெள்ளையரின் குழாய்களும் அதற்குள் முதுமையால் அதே நிலைக்கு வந்து சேர்ந்துவிட்டன. ஆக, இனங்களுக்கிடையே நாம் காணும் வேறுபாட்டில் பெரும்பகுதி, நோய் எப்போது வருகிறது என்பதில் உள்ள வேறுபாடு. எல்லோரும் போய்ச் சேரும் இடத்துக்குச் சிலர் மட்டும் பல வருடம் முன்பாகவே துரத்தப்படுகிறார்கள்.

பெரும்பகுதி என்றேன், முழுவதும் என்று சொல்லவில்லை. நோய் எந்தக் குழாயில் வருகிறது என்பதிலும் வேறுபாடு உண்டு. வெள்ளையருக்குக் கொழுப்புப் படிவு பெரும்பாலும் கழுத்துத் தமனியில். சீனர்களுக்கோ மண்டையோட்டுக்குள் ஓடும் தமனியில்; சீனாவில் அடைப்பால் வரும் பக்கவாதங்களில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை இந்த வகை. தெற்காசியரிடமும் இது வெள்ளையரைவிட அதிகம். இதற்கு நடைமுறைப் பயன் இருக்கிறது: கழுத்தில் ஸ்கேன் வைத்துப் பார்த்துவிட்டு ‘குழாய் சுத்தமாக இருக்கிறது’ என்று சொல்வது நம் பகுதி மக்களுக்குப் போதாது, தலைக்குள்ளும் பார்க்க வேண்டும். ஜப்பானிலும் கொரியாவிலும் குழந்தைகளையும் இளைஞர்களையும் தாக்கும் மொயாமொயா என்றொரு நோய் உண்டு. மூளையடித் தமனிகள் மெல்ல மெல்ல மூடிக்கொள்ள, ஈடுகட்ட முளைக்கும் நுண்குழாய்கள் எக்ஸ்ரே படத்தில் புகைமண்டலம் போலத் தெரியும். 2011இல் அதற்குரிய மரபணு மாற்றத்தை ஆர்என்எஃப்213 என்ற மரபணுவில் கண்டுபிடித்தார்கள். அந்நாடுகளில் நூற்றில் ஒன்றிரண்டு பேரிடம் அது இருக்கிறது, சுமப்பவர்களில் மிகச் சிலருக்கே நோய் வருகிறது. நம் நாட்டிலேயே இன்னொன்றைக் காணலாம். இளம்பெண்களின் ரத்தத்தை உறையவைத்துப் பக்கவாதம் கொண்டுவரக்கூடிய லூப்பஸ் நோய் இங்கே சீனர்களிடம் கூடுதல், இந்தியர்களிடம் குறைவு. நீரிழிவில் முன்னால் நிற்கும் நாம் இதில் பின்னால் நிற்கிறோம். எல்லா நோயிலும் முந்தி நிற்கும் இனம் என்று ஒன்று கிடையாது.

மரபணு என்று வந்துவிட்டால் இனத்தின் எல்லைக்கோடு இன்னும் குழம்புகிறது. அரிவாள் உயிரணு நோயைப் பாருங்கள். சிவப்பணுக்கள் பிறைபோல வளைந்து விறைத்துக் குழாயை அடைக்கும். முறையான காப்பு இல்லாவிட்டால் இந்நோயுள்ள நூறு குழந்தைகளில் 11 பேருக்கு 20 வயதுக்குள் பக்கவாதம் வந்துவிடும் என்று அமெரிக்கக் கணக்கு ஒன்று சொல்கிறது. தலைக்கு வெளியிலிருந்து ஒலியலையால் மூளைத் தமனியின் ரத்தவேகத்தை அளந்து, வேகம் மிகுந்த குழந்தைகளுக்குத் தொடர்ந்து ரத்தம் ஏற்றினால் 92 விழுக்காடு ஆபத்து குறைகிறது என்று 1998இல் 130 குழந்தைகளிடம் நடந்த சோதனை காட்டியது. அமெரிக்காவில் இதைக் கறுப்பினத்தவர் நோய் என்றே பேசிவந்தார்கள். ஆனால் 1952இல் லேமனும் கட்புஷ்ஷும் நம் நீலகிரிப் பழங்குடியினரின் ரத்தத்தைச் சோதித்தபோது அதே அரிவாள் வடிவம் அங்கேயும் இருந்தது. ஒற்றைப் பிரதி மட்டும் இருந்தால் அந்த மரபணு மலேரியாவிலிருந்து காக்கும். ஆகவே மலேரியாக் கொசு வாழ்ந்த காடுகளில் அது நிலைத்தது, தோல் நிறத்தைப் பார்த்து நிலைக்கவில்லை. இந்தியாவில் பரவிய வகை தனியே தோன்றியது என்பது ஒரு கருத்து. அதைச் சுமப்பவர்களிடம் கருக்கால ஹீமோகுளோபின் பெரியவர்களான பின்னும் கூடுதலாக இருப்பதால் நோய் சற்று மென்மையாகவும் இருக்கிறது. மனித மரபணு வேறுபாடுகளில் ஏறத்தாழ 85 விழுக்காடு எந்த ஒரு மக்கள் கூட்டத்துக்கு உள்ளேயும் இருக்கிறது என்று 1972இல் ரிச்சர்ட் லெவோன்டின் கணக்கிட்டதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம்.

இனம் விதி என்று நம்புகிறவர்களுக்கு நான் காட்ட விரும்புவது ஜப்பான். 1951 முதல் 1980 வரை அந்நாட்டில் மரணத்துக்கு முதற்காரணம் பக்கவாதம். வட மாநிலமான அக்கித்தாவில் ஒரு மனிதர் நாளொன்றுக்கு 25 கிராமுக்கு மேல் உப்பு தின்றார். உப்பூறிய காய்கறி, சோயாக் குழம்பு, குளிர்காலத்து உப்புமீன் என்று எல்லாமே உப்பு. பிறகு அரசாங்கமும் மருத்துவர்களும் கிராமம் கிராமமாகப் போய் ரத்த அழுத்தம் அளந்தார்கள், உப்பைக் குறைக்கச் சொன்னார்கள், மருந்து கொடுத்தார்கள். வயதை ஈடுசெய்து கணக்கிட்ட பக்கவாத மரணம் சில பத்தாண்டுகளில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் குறைந்தது. அதே மக்கள், அதே மரபணு. உலகம் முழுவதும் 32 நாடுகளில் நடந்து 2016இல் வெளியான இன்டர்ஸ்ட்ரோக் ஆய்வும், மாற்றக்கூடிய பத்துக் காரணங்களே பக்கவாதச் சுமையில் பத்தில் ஒன்பது பங்கை விளக்கிவிடுகின்றன என்று கண்டது. ஏறக்குறையப் பாதி, ரத்தக் கொதிப்பின் கணக்கில் மட்டும்.

இனம் விதியல்ல என்பதற்குத் தமிழர் வீட்டுக்குள்ளேயே சான்று இருக்கிறது. மூளைக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியில் வரும் அடைப்பைத்தான் இதுவரை சொன்னேன். ரத்தத்தை வெளியே எடுத்துச் செல்லும் சிரையிலும் உறைகட்டி அடைக்கலாம். மேற்கு நாடுகளில் அரிதான இந்த நோய், இந்தியாவில் பிள்ளை பெற்ற இளம்பெண்களிடம் ஏராளமாகக் காணப்பட்டது. கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் மூளைக் குழாய்களில் உறைகட்டிய 135 பேரைப் பற்றி இந்திய நரம்பியல் மருத்துவர் கே. சீனிவாசன் 1983இல் எழுதினார். பிரசவத்தை ஒட்டி எல்லாப் பெண்களின் ரத்தமும் எளிதில் உறையும். அதிக ரத்தப்போக்கில் சாகாமல் இருக்க இயற்கை செய்திருக்கும் ஏற்பாடு அது. அதன்மேல் ரத்தசோகை, கிருமித்தொற்று, கூடவே நம் பத்தியம். பச்சை உடம்பு என்று சொல்லி, தாகத்துக்குக்கூடத் தண்ணீர் தராமல் நாக்கை நனைக்க மட்டும் வெந்நீர் கொடுத்த வீடுகள் தமிழ்நாட்டிலும் உண்டு, இங்கே தோட்டங்களிலும் உண்டு. நீர் வற்றிய ரத்தம் இன்னும் தடிக்கும். அக்கறையோடு செய்ததுதான், ஆனாலும் தீராத தலைவலி, வலிப்பு, கைகால் தளர்ச்சி என்று வந்த பெண்களுக்குப் பேயோட்டிய கதைகளும் நம்மிடையே இருக்கின்றன.

அப்போது யாராவது எண்களை மட்டும் பார்த்திருந்தால், இது இந்தியப் பெண்களின் இனத்துக்கே உரிய நோய் என்று எழுதியிருக்கலாம். ஆனால் ஹைதராபாத் நிஜாம் மருத்துவ அறிவியல் நிலையம் 2012இல் வெளியிட்ட 428 நோயாளிகளின் பதிவேட்டில் ஆண்களே சற்று அதிகம். மருத்துவமனைப் பிரசவங்கள் பெருகின, தண்ணீர்க் கட்டுப்பாடு தளர்ந்தது, பிரசவத்தோடு ஒட்டியிருந்த நோயாளிகளின் பங்கு சுருங்கியது. ஆனாலும் இன்றும் பிரசவமான வீட்டில் தாய்க்குத் தலைவலி கூடிக்கொண்டே போனால், பார்வை மங்கினால், வலிப்பு வந்தால், பத்திய நாள் முடியட்டும் என்று யாரும் காத்திருக்கக் கூடாது. அதே நாளில் மருத்துவமனைக்குப் போக வேண்டும். தண்ணீரையும் யாரும் தடுக்கக் கூடாது. பால் கொடுக்கும் உடலுக்கு அது கூடுதலாகத் தேவை.

இளவயதுக்காரர்களுக்கு வேறொரு தீங்கும் நேர்கிறது: அவர்களை யாரும் நம்புவதில்லை. 34 வயதுக்காரர் தள்ளாடினால் குடித்திருக்கிறார் என்கிறார்கள். தலைசுற்றல் என்றால் சாப்பிடாமல் வேலைக்கு வந்திருப்பார் என்கிறார்கள். மைக்ரேன், மனவுளைச்சல் என்று மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்புகிறவர்களும் உண்டு. கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தோன்றி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். பெரிய குழாய் அடைப்பை வலைக்கம்பியால் வெளியே இழுக்கும் சிகிச்சைக்கு, படம் எடுத்துத் தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம்வரை இடமுண்டு. அதிலும் முந்தியவருக்கே பலன் மிகுதி. திடீரென்று முகம் கோணினால், ஒரு கை கீழே சரிந்தால், சொல் குழறினால் வயதைப் பார்க்காமல் 999க்கு அழைக்க வேண்டும். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்துக்கொண்டு போனால் மருத்துவருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

மலேசிய சுகாதார அமைச்சின் நீரிழிவு வழிகாட்டி, அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கும் 30 வயதிலிருந்து பரிசோதனை தேவை என்கிறது. ஆனால் குறைந்த வருமானக் குடும்பங்களுக்காக 2019இல் தொடங்கிய பேக்கா பி40 இலவசப் பரிசோதனைத் திட்டம் முதலில் 50 வயது நிறைந்தவர்களுக்கே இருந்தது, பிறகுதான் 40 வயதுக்கு இறங்கியது. தொழிலாளர்களுக்குச் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோ 2013இல் தொடங்கிய இலவசப் பரிசோதனையும் 40இல்தான் தொடங்கியது. நாட்டின் சராசரிக்கு நாற்பது பொருந்தலாம். ஏறக்குறைய மூன்றில் ஒருவர் நீரிழிவோடு வாழும் சமூகத்துக்கு, அதுவும் அந்த நோய் இருபதுகளிலேயே ஒளிந்துகொண்டு தொடங்கும்போது, நாற்பது மிகவும் பிந்திய வயது. இனத்தைக் கேட்கும் அந்தக் கட்டத்துக்கு ஒரு நல்ல பயன் உண்டென்றால் அது இதுதான் என்று நான் கருதுகிறேன்: யாருக்கு முன்கூட்டியே பார்க்க வேண்டும் என்று சொல்வது. இந்தியர்களுக்கும், பெற்றோரில் ஒருவருக்காவது நீரிழிவோ ரத்தக் கொதிப்போ உள்ள எல்லா இனத்தவருக்கும் அந்த இலவசப் பரிசோதனையை 30இலேயே தொடங்க வேண்டும். அதுவரைக்கும் அரசாங்கக் கிளினிக்கில் 1 ரிங்கிட் கட்டிப் பதிந்துகொண்டு ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துவிட்டு வரலாம். லோரி ஓட்டுகிறவருக்கும் ஷிப்ட் பார்க்கிறவருக்கும் அதற்கென்று ஒரு காலை விடுப்பு கிடைக்க வேண்டும்.